தஞ்சோங் பெலாங்காஸுக்கு அலை வந்த கதை

செய்தது யாரோ ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் யார் என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பரஞ்சோதி என்றைக்கோ அவர் வீட்டு வாசலில் போய் நின்று, அக்கம்பக்கத்தார் காதில் நன்றாக விழுகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார். அரசாங்கச் செலவில் எந்த நாட்டுக் கடற்கரையையோ சுற்றிப் பார்த்துவிட்டு, பூப்போட்ட சட்டையும் தோல் உரிந்த மூக்குமாகத் திரும்பி வந்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, மலேசியாவின் கெடா மாநில வரைபடத்தில் ஒரு விரலை வைத்து, "இங்கேயும் கடல் இருக்கிறதே" என்று சொன்ன அந்த ஒருத்தர். கடல் இருக்கிறதுதான். கடல் இருக்கிற இடத்தில் எல்லாம் அலை இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? ரோடு இருக்கிற இடத்தில் எல்லாம் பஸ் வருகிறதா? ஏதாவது ஒரு தோட்டத்து முச்சந்தியில் குடையோடு போய் நின்று பார்க்கட்டும்.

தஞ்சோங் பெலாங்காஸ் ஒரு கடலோரச் சிற்றூர். மெர்போக்கைத் தாண்டி, நெல்வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் வரும். பெலாங்காஸ் என்பது சேற்றில் ஊரும் ஒரு ஜந்து. முதுகில் கவிழ்த்த சட்டி போல் ஓடு, பின்னால் ஊசி வால், எதற்கும் அவசரமில்லாத நடை. அந்த நடையில் அதற்குப் போட்டியாக ஊரில் அரசாங்கக் கோப்புகள் மட்டுமே உண்டு.

இந்த ஊர்க் கடல் தேத்தண்ணி நிறம். காலையில் கரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். மதியத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் தூரத்துக்குப் போய்விடும். போன இடமெல்லாம் பளபளவென்று சேறு. அலை என்று ஒன்று அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மீன்பிடிக்கிற பிரெடி தன் படகை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒன்று புறப்படும். கரைக்கு வந்து சேர்வதற்குள் அதற்கும் மனம் மாறிவிடும்.

இருந்தாலும் சனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். இறந்தவர்களின் சாம்பலைக் கரைக்க வந்தார்கள். மாசி மகத்துக்குச் சிடாம் கிரிப் பக்கத்திலிருந்தும் செமிலிங் பக்கத்திலிருந்தும் லோரி லோரியாக வந்தார்கள். எதற்காக வந்தாலும் கடலைத் தொட வேண்டுமென்றால் சேற்றில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இறங்கினவர்கள் முட்டிவரை சேற்றுக் கால்சட்டை போட்டுக்கொண்டு கரையேறி, அக்கம்பக்கம் பார்ப்பார்கள். கால் கழுவ அந்தக் கடற்கரையில் இருந்தது ஒரே ஒரு குழாய். அது பரஞ்சோதியின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்தது. அவர் சொந்தச் செலவில் இழுத்துப் போட்டது. தேத்தண்ணி குடித்தவர்கள் சும்மா கழுவிக்கொள்ளலாம். குடிக்காதவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு கழுவலாம்.

பரஞ்சோதி சின்ன வயதில் அப்பாவைப் பறிகொடுத்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மோட்டார் சைக்கிளில் மரவள்ளிச் சிப்ஸ் விற்று, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை ஒவ்வொன்றாக அலைந்து, அடிபட்டு, அடித்து, கடைசியில் இந்தக் கடற்கரையில் தகரக் கூரை போட்டவர். எதற்கும் முதலில் சொன்ன விலையைக் கொடுத்ததில்லை. தன் கல்யாணத்தில் ஐயரிடம் மந்திரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசினவர் என்று அவர் மனைவி காஞ்சனா இன்றைக்கும் வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். கோபம் வந்தால் கையில் இருக்கிற கரண்டி பேசும். அவர் பேரம் பலிக்காத ஒரே இடம் அரசாங்கம். கடற்கரைக்கு ஒரு பொதுக் குழாயும் இரண்டு கக்கூஸும் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகிறது" என்று வருஷக்கணக்காகப் பதில் வந்துகொண்டிருந்தது. கனிந்து கனிந்து அது அழுகியே போயிருக்க வேண்டும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் கடைக்கு வந்தார்.

"வணக்கம்ணே. நான் விக்னேஸ்வரன். கடலோர மேம்பாட்டு இலாகா."

"குழாய்க்கா தம்பி?"

"இல்லண்ணே. அலைக்கு."

பரஞ்சோதி மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டுவதை நிறுத்தினார்.

"தஞ்சோங் பெலாங்காஸை அலைச்சறுக்கு நகரமா மேலிடம் அறிவிச்சிருக்கு. இன்னியிலேர்ந்து."

"இன்னியிலேர்ந்தா? அலைக்குச் சொல்லியாச்சா?"

"அது ஆய்வுல தெரிஞ்சுடும்ணே. ஊர்ல உள்ள கடற்கரைங்கள முழுசாச் சுத்திப் பாத்து ஆய்வறிக்கை குடுக்கணும். உள்ளூர் ஆள் ஒருத்தர் வழிகாட்டியா வரணும்னு இருக்கு. வாங்களேன்."

விக்னேஸ்வரனோடு நிகோல் என்ற பெண்ணும் வந்திருந்தாள். பிறந்தது சுங்கைப்பட்டாணி, இப்போது இருப்பது கோலாலம்பூர். தொழில், கடற்கரை அனுபவ ஆலோசகர். அதாவது, கடற்கரைக்குப் போனால் மனுஷர்களுக்கு என்ன தோன்ற வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து கொடுக்கிற வேலை. கடலையே பார்க்காத அன்றைக்கும் அவள் தலைமுடி உப்புக்காற்றில் கலைந்தது போல் கலைந்திருந்தது. அப்படிக் கலைக்கச் சலூனில் அரைநாள் உட்கார வேண்டுமாம். காஞ்சனா அதைக் கேட்டுவிட்டு, தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு காசு செலவில்லாமல் அவளுக்கும் அதே தலை.

ஆய்வுப் பயணம் தொடங்கியது. முதல் கடற்கரை கடைக்கு நேர் எதிரே. சேறு கணுக்கால் மட்டும்.

"இது தொடக்கநிலை பீச்" என்றாள் நிகோல். "நல்ல சாஃப்டா இருக்கு. கத்துக்க வர்றவங்க விழுந்தாலும் அடிபடாது."

"விழுந்தா எழுந்திரிக்கவும் முடியாதுலா" என்றார் பரஞ்சோதி.

"அது அடுத்த லெவல் அங்கிள்."

அடுத்த லெவல் கண்டல் மரங்கள் நிற்கிற இடம். வேர்கள் சேற்றுக்கு மேலே ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருந்தன. சேறு முட்டிக்கு. அதற்கு இடைநிலைக் கடற்கரை என்று பெயர் வைத்தார்கள். ஈட்டிகள் 'இயற்கை சார்ந்த சவால்கள்' ஆயின. மூன்றாவது, ஆறு கடலில் சேர்கிற இடம். அங்கே சேறு தொடையைத் தொடும். அது நிபுணர்களுக்கு என்று தீர்மானமாயிற்று. நிபுணர் என்றால் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லாதவர் போலிருக்கிறது என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டார்.

விக்னேஸ்வரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எல்லாம் சரிண்ணே. அலை எங்க?"

"இருங்க. பிரெடி வருவான்."

நின்றார்கள். பிரெடியின் படகு தூரத்தில் குறுக்கே போனது. பின்னால் ஒரு மடிப்பு கிளம்பி, பாய் விரித்தது போல வந்து, அவர்கள் காலடிக்கு முன்னால் படுத்துவிட்டது. விக்னேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அலை வருகை உறுதி செய்யப்பட்டது" என்று கைப்பேசியில் பதிவு செய்தார்.

"அடிக்கடி வருமாண்ணே?"

"டீசல் போட்டா வரும்."

இந்தச் சமயத்தில் நிகோல் நிபுணர் கடற்கரையில் இரண்டடி கூடுதலாக எடுத்து வைத்துவிட்டாள். இடுப்புவரை போய்விட்டது. இழுக்க இழுக்க இன்னும் போனது. பிரெடி படகைத் திருப்பிக்கொண்டு வந்து, சிப்பி பொறுக்குகிறவர்கள் சேற்றில் சறுக்கிப் போவதற்கு வைத்திருக்கிற நீளப் பலகையைப் போட்டான். நிகோல் அதன் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். பலகையில் கயிற்றைக் கட்டி பரஞ்சோதியும் பிரெடியும் கரைவரை இழுத்தார்கள். இழுக்கும்போது பரஞ்சோதி சொன்ன வார்த்தைகள் எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறவில்லை. விக்னேஸ்வரன் உதவி செய்ய ஓடி வந்தவர், கடமை நினைவுக்கு வந்து படம் எடுத்தார்.

அந்தப் படம்தான் அடுத்த மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு உயரத்துக்கு எழுந்து நின்றது. 'அலை அழைக்கிறது, தஞ்சோங் பெலாங்காஸ்.' பலகையில் படுத்துக்கொண்டு நிகோல் பறந்துகொண்டிருந்தாள். சேற்றைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கியிருந்தார்கள். கயிற்றையும், கயிற்றைப் பிடித்திருந்த பரஞ்சோதியையும் அழித்துவிட்டிருந்தார்கள். அலோர்ஸ்டாரிலும் ஜித்ராவிலும் இருக்கிறவர்கள் அந்தப் படத்தைத் தங்கள் கைப்பேசியில் போட்டு, 'நம்ம கெடாவிலா' என்று பெருமைப்பட்டார்கள். ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. பெருமைப்படுவதற்கு வர வேண்டியதில்லையே.

படத்தில் அழித்த ஆளை நேரிலும் அழிக்க வேண்டும் என்று பிறகுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விக்னேஸ்வரன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூட இரண்டு பேர் சிவப்புச் சாயத்தோடு வந்து, கடையின் பக்கச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

"என்ன தம்பி இது?"

"அலைக்காட்சி வழித்தடம்ணே. காடி, காரு நிறுத்துற எடத்துலேர்ந்து பாத்தா கடல் தெரியணும். உங்க கடை குறுக்க நிக்குது."

"இடிக்கப் போறீங்க."

"இடிக்கிறதுன்னு சொல்லாதீங்கண்ணே. இடமாற்றம்."

"எங்க?"

"அது ரெண்டாங் கட்டம்."

"மொதக் கட்டத்துல நான் எங்க இருப்பேன்?"

விக்னேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். நல்ல பிள்ளைதான். பொய் சொல்ல வரவில்லை. "மொதக் கட்டத்துல நீங்க இல்லண்ணே" என்றார்.

பரஞ்சோதியின் கரண்டி உயர்ந்தது. காஞ்சனா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கரண்டி இல்லாத கோபம் அவருக்குப் பேரமாக மாறிவிடும்.

"சரி. கடைய நானே பிரிச்சுப் பின்னால தள்ளிக்கிறேன். பதிலுக்கு ஒரு பொதுக் குழாய், ரெண்டு கக்கூஸ். பொலேயா, முடியுமா?"

"அது நம்ம இலாகா இல்லண்ணே. குழாய்த் தண்ணிக்கு வேற ஆளு. நாங்க உப்புத் தண்ணி மட்டும்தான்."

"அப்பறம் அலையில சறுக்கிட்டு வர்றவன் எங்க கால் கழுவுவான்?"

"அலையில கழுவிப்பான்" என்றார் விக்னேஸ்வரன். சொன்ன பிறகு அவரே கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடல் அங்கே இல்லை. மத்தியானம் ஆகியிருந்தது.

பேசிப் பேசி, மாசி மகம் முடிகிற வரைக்கும் கடை இருக்கலாம் என்ற அளவுக்குப் பரஞ்சோதி இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் ஜெயித்தது அவ்வளவுதான்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க" என்றாள் காஞ்சனா. "போனாப் போவுதுன்னு கடலையே குடுத்துட்டாங்க."

மாசி மகத்துக்கு முந்தின வாரம் நகரத்தின் சின்னம் லோரியில் வந்தது. கான்கிரீட்டில் செய்த அலைச்சறுக்குப் பலகை. இரண்டு ஆள் உயரம், கூர்மையான தலை, மஞ்சள் உடம்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை, முதுகில் கறுப்பாக ஒரு துடுப்பு. முதலில் கடற்கரையில் நட்டார்கள். மறுநாள் காலை அது குடிகாரனைப் போலச் சாய்ந்து நின்றது. மறுபடி நட்டார்கள். மறுபடி சாய்ந்து, பாதி உள்ளேயும் போய்விட்டது. கடைசியில் கெட்டித் தரை வேண்டும் என்று, கடைக்குப் பின்னால் இருந்த அரசமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே அசையாமல் நின்றது. மேலிடத்துப் பெரியவர் ஒருவர் வந்து திரையை விலக்கினார். "அலை நம்மைத் தேடி வர வேண்டும் என்று காத்திருப்பது பழைய சிந்தனை" என்று பேசினார். கைதட்டல் முடிவதற்குள் காடி ஏறிப் போய்விட்டார்.

மாசி மகத்தன்று விடியும்போதே லோரிகள் வந்துவிட்டன. சிடாம் கிரிப் பக்கத்திலிருந்து வந்த லோரியிலிருந்து முதலில் இறங்கினவள் பிரேமாவதி. ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். எந்தக் கூட்டத்திலும் முதலில் வாயைத் திறக்கிறவள். இறங்கினவள் அப்படியே நின்றாள்.

மரத்தடி. நட்டுவைத்த கல். மஞ்சள் உடம்பு, சிவப்புப் பட்டை. முகம் தண்ணீரைப் பார்த்து. வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் எல்லைக் காவலுக்கு முனியை நிறுத்திக் கும்பிட்டு வளர்ந்த சனத்துக்கு, இதற்கு மேல் விளக்கம் எதற்கு? பிரேமாவதி செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கடைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இது எந்த முனிண்ணே?"

பரஞ்சோதி சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது முனியும் இல்லை சனியும் இல்லை, இலாகாக்காரன் வைத்த பலகை என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது சுவரில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி கண்ணில் பட்டது. இடிக்கிற இயந்திரம் வந்தால் அந்த மரத்தடி வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் அதே நொடியில் புத்தியில் பட்டது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு எனக்கும் தெரியலக்கா. ஆனா மண்ணுல வெச்சாங்க, நிக்கல. ரெண்டு வாட்டி வெச்சாங்க, ரெண்டு வாட்டியும் சாஞ்சிருச்சு. இந்த மரத்தடிக்கு வந்துதான் நின்னுச்சு. சக்தி இல்லாமயா?"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசி வார்த்தை கேள்விதானே.

மத்தியானத்துக்குள் துடுப்பில் எலுமிச்சம்பழ மாலை தொங்கியது. இடுப்பில் மஞ்சள் துணி. காலடியில் சுருட்டு, அவல், பொரிகடலை. யாரோ அலைமுனி என்று சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அது காலங்காலமாக வழங்கி வந்த பெயர் ஆகிவிட்டது. ஜூஸ் போட வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழம் முழுவதையும் காஞ்சனா விற்று முடித்தாள்.

மகம் முடிந்த மறுவாரம் விக்னேஸ்வரன் இயந்திரத்தோடு வந்தார். மரத்தடிக்கு வந்ததும் நின்றார். பார்த்தார். குனிந்து காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு கோபப்பட்டார்.

"அண்ணே, என்னண்ணே இது? இது சர்ஃப் போர்டு."

"அப்ப எதுக்குத் தம்பி சப்பாத்தக் கழட்டுனீங்க?"

விக்னேஸ்வரன் தன் காலுறையைக் குனிந்து பார்த்தார். "பழக்கம்" என்றார்.

இயந்திரத்தை ஓட்டி வந்தவர் அவரைவிடத் தெளிவான ஆள். இறங்கி, நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்து, நசுக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

இலாகாவில் கூட்டம் கூடியது. சின்னத்தை எடுக்க முடியாது, பெரியவர் திறந்து வைத்தது. விட்டுவைக்கவும் முடியாது, அனுமதியில்லாத வழிபாட்டுத் தலம். அது பலகைதான் என்றால் மாலை போட்டவர்கள் குப்பை போட்ட குற்றத்துக்கு ஆளாவார்கள். கோயில்தான் என்றால், அனுமதி இல்லாமல் அதைக் கட்டியது இலாகாதான். தன் மேல் தானே நடவடிக்கை எடுப்பதற்கான விதியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, கனிவுடன் பரிசீலிக்க முடிவு செய்தார்கள்.

வழி சொன்னவள் நிகோல். "இப்ப உலகம் முழுக்க ஸ்பிரிச்சுவல் சர்ஃபிங்தான். அலை வெளியில இருந்தா அது சாதாரண பீச். நம்ம பீச்ல அலை உள்ளுக்குள்ள." அடுத்த மாதமே நெடுஞ்சாலைப் படத்தில் நிகோல் கண்ணை மூடிக்கொண்டாள். கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொடக்கநிலைக் கடற்கரையில் பலகையைப் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொசுக்கடியோடு உள் அலைக்காகக் காத்திருந்தார்கள். வந்தது என்று சிலர் சொன்னார்கள். பிரெடி போன நேரமாக இருக்கும்.

அவர்களுக்கு அடுத்து வந்தவர் காளிதாசன். செமிலிங்கில் லோரி வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டி, தங்கக் காப்பு, பல சங்கங்களுக்குத் தலைவர். எந்தச் சாமியையும் கமிட்டி இல்லாமல் அநாதையாக விட அவருக்கு மனசு வராது. வந்த அன்றே அலைமுனி ஆலய நிர்வாகக் கமிட்டி உருவாகி, அன்றே அவர் தலைவராகி, அன்றே எல்லாருக்கும் காலர் வைத்த டி-சட்டை வந்துவிட்டது. பதாகையில் காளிதாசன் இருகரம் கூப்பிச் சிரித்தார். முனி கீழ் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். தளக்கல் பதித்தார்கள். தகரக் கூரை போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். முனியைக் கண்டெடுத்த பெருமகன் என்று பரஞ்சோதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பரஞ்சோதியும் போர்த்திக்கொண்டார். சுவரில் இருந்த பெருக்கல் குறியின் மேல் காஞ்சனா விநாயகர் காலண்டரை மாட்டினாள். வாழ்க்கையிலேயே பெரிய பேரத்தை முடித்துவிட்ட ஆளாக அவர் நாலு மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கக்கூஸ் பேச்சை எடுக்கக்கூட மறந்து போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்தபோது காளிதாசனும் விக்னேஸ்வரனும் சேர்ந்து கடைக்குள் வந்தார்கள். அவர்கள் சேர்ந்து வந்ததைப் பார்த்ததுமே பரஞ்சோதி அடுப்பைத் தணித்தார்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம்" என்றார் காளிதாசன். "முனி கடலப் பாக்கணும். உங்க கட மறைக்குது."

"இத்தன நாளா மறைக்கலியா?"

"இத்தன நாளாப் பொறுத்துக்கிட்டாரு. அதோட நீங்க முட்ட போட்டு மீ பெரட்டுறீங்க. கோழி பொரிக்கிறீங்க. சன்னிதிக்கு முன்னால நல்லாவா இருக்கு?"

"முனிக்குக் கோழி ஆகாதா? உங்கப்பா காலத்துல முனிக்கு என்னாய்யா அறுத்தாங்க, வெண்டிக்காயா?"

"இது சைவ முனிண்ணே. கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு."

"அவரக் கேட்டீங்களா?"

"தலைவரு நான் சொன்னா போதாதா?"

பரஞ்சோதி விக்னேஸ்வரனைப் பார்த்தார். விக்னேஸ்வரன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "எங்க வழித்தடமும் அவங்க வழித்தடமும் ஒரே கோடா அமைஞ்சிருச்சுண்ணே" என்றார். "இனிமே இலாகாவுக்கும் சமூகத்துக்கும் பிரச்சினையே இல்ல. சமூகமே கேட்டுக்கிட்டதா ஆயிருச்சு."

அவ்வளவுதான். பரஞ்சோதி கரண்டியோடு மரத்தடிக்குப் பாய்ந்தார். "எல்லாரும் கேளுங்க. இது முனியில்ல. சர்ஃப் போர்டு. இலாகாக்காரன் லோரியில கொண்டாந்து வெச்ச பலகலா. நான் பாத்தேன்."

உடுக்கை நின்றது. ஒலிபெருக்கி மட்டும் கொஞ்சம் இரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து பிரேமாவதி திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. பாவம் பார்க்கிற குரலில் கேட்டாள்.

"சக்தி இருக்குன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

பரஞ்சோதி எத்தனையோ சந்தையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவர். இந்தக் கேள்விக்குக் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டார். சொன்னது அவர்தான். விற்ற சாமானைத் திருப்பி வாங்குகிற வழக்கமும் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

கடைசியாக ஒரே ஒரு பேரம் பேசினார். கடை போகட்டும். குழாயை மட்டும் விட்டுவிடுங்கள், சனம் கால் கழுவட்டும். காளிதாசன் தலையை ஆட்டினார். "கொழாய் அபிஷேகத்துக்கு வேணும்ணே. சேத்துக் கால அதுல கழுவுனா தீட்டு." குழாய்க்கு ஒரு கம்பிக் கூண்டும், கூண்டுக்கு ஒரு பூட்டும் வந்தன. சாவி செமிலிங்கில், தலைவர் வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாகத் தொங்குகிறது.

கடையை இடிக்க இலாகா வரவில்லை. டி-சட்டை போட்ட நம் ஆட்களே அரைநாளில் பிரித்தார்கள். சிரமதானம் என்று அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். படத்தில் பரஞ்சோதி இல்லை.

இப்போது அவர் ரோட்டோரத்தில் ஒரு பழைய வேனில் தேத்தண்ணி ஆற்றுகிறார். வேனுக்குப் பின்னால் வீட்டிலிருந்து கொண்டு வந்த தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. அது மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வேனைச் சுற்றி நிற்பார்கள். சாம்பல் கரைத்தவர்கள், முனியைக் கும்பிட்டவர்கள், உள் அலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி முட்டிவரை சேறு. காய்ந்து வெடிக்கிறவரை நின்றுவிட்டு, உதறிக்கொண்டு காடி ஏறுவார்கள்.

இந்த வருஷத்து மாசி மகத்தன்று அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். முனியின் சிறிய உற்சவ உருவத்தைக் கடலுக்குத் தூக்கிப் போய் வந்த காளிதாசன், வேட்டியெல்லாம் சேறு. சாவியைச் செமிலிங்கிலேயே மறந்து வைத்துவிட்டார். பாதுகாப்பு மேற்பார்வைக்கு வந்த விக்னேஸ்வரன். நேரலை எடுக்க வந்த நிகோல். அவள் தலைமுடி இப்போதுதான் செலவில்லாமல் கலைந்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றார் காளிதாசன்.

பீப்பாயின் அடியில் கொஞ்சம் இருந்தது. பரஞ்சோதி அதன் மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"தர்றேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இது யார் வேல?"

விக்னேஸ்வரன் மேலிடம் என்றார். நிகோல், தனக்கு வேலை கொடுத்தது விக்னேஸ்வரனின் இலாகா என்றாள். காளிதாசன், முனி என்று முதலில் சொன்னது பரஞ்சோதிதான் என்றார். பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. ஆனால் கரண்டி எட்டாத இடத்தில் இருந்தது. நாலு பேரும் கடலைப் பார்த்தார்கள். அது போய்விட்டிருந்தது.

காஞ்சனாதான் கணவரை இறக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு குவளை ஊற்றினாள். ஒரு குவளையில் ஒரு கால்தான் கழுவ முடியும்.

ஆகவே, பூப்போட்ட சட்டைக்காரரே, எந்த அறையில் இருந்தாலும் கொஞ்சம் எழுந்து வாருங்கள். சப்பாத்தைக் கழற்றுங்கள், கால்சட்டையை மடியுங்கள். தொடக்கநிலைக் கடற்கரையில் இறங்கி, இடைநிலை வழியாக நிபுணர் கடற்கரை வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இழுக்கக் கயிறு தயாராக இருக்கிறது, பிடிக்கப் பரஞ்சோதியும் இருக்கிறார். கரையேறி நின்று, எல்லாரையும் போல அக்கம்பக்கம் பாருங்கள். உங்கள் கால் எந்த இடத்தில் தண்ணீரைத் தேடி நிற்கிறதோ, அந்த இடத்தில் ஒரு குழாய் போட்டுவிட்டுப் போங்கள். அலை வேண்டாம். சின்னம் வேண்டாம். திறப்பு விழா வேண்டவே வேண்டாம். பூட்டு இல்லாத ஒரு குழாய்.